மஞ்சள் பலகை காட்டிய வழி

சுவிட்சர்லாந்து போய் வந்தோம் என்று சொன்னதும் நம் சங்கத்து அன்பர்கள் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான். “ஜங்ஃப்ராவ் பார்த்தீர்களா?” பார்த்தோம். நான்கு நாளும் பார்த்துக்கொண்டேதான் இருந்தோம். ஆனால் மேலே போகவில்லை என்று சொன்னால் கேட்டவர் முகத்தில் ஓர் அனுதாபம் தோன்றும். மலையடிவாரம் வரை போய்விட்டுப் பெருமாளைச் சேவிக்காமல் திரும்பியவரைப் பார்க்கும் அனுதாபம்!

காரணம் மிக எளிமையானது. அந்த ரயில் போய் நிற்கும் இடம் 3,454 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. என் கணவருக்கு 2021இல் இதயக் குழாயில் அடைப்பு ஏற்பட்டு ‘ஸ்டென்ட்’ வைத்திருக்கிறார்கள். “ஊட்டி உயரம் வரை தாராளமாகப் போங்கள், நடங்கள், அதற்கு மேல் வேண்டாம்” என்பது டாக்டரின் உத்தரவு. ஊட்டி ஏறக்குறைய 2,240 மீட்டர். நாங்கள் நடந்த வழியிலேயே மிக உயரமான இடம் 2,061 மீட்டர்தான். ஆக, ஆல்ப்ஸ் மலையில் நான்கு நாள் நடந்தும் ஊட்டியைத் தாண்டவில்லை!

டாக்டர் நடக்கச் சொன்னார். இவர் நடக்கவில்லை என்பதுதான் எங்கள் வீட்டுப் பிரச்சினை. முப்பத்து நான்கு வருஷம் டோம்பிவிலியிலிருந்து கோட்டைக்கு லோக்கலில் தொங்கிக்கொண்டு போய் வந்த மனிதர், அந்த ஸ்டென்டுக்குப் பிறகு கட்டடத்தின் கேட்டைத் தாண்டுவதற்கே யோசிப்பார். “வழியிலே ஏதாவது ஆயிட்டா?” என்பார். சட்டைப் பையில் நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை. கை அடிக்கடி அந்தப் பையைத் தொட்டுப் பார்க்கும். காய்கறி வாங்குவது, பாங்க் போவது எல்லாம் என் பொறுப்பாயிற்று. உடம்பு தேறிவிட்டது, டிரெட்மில் சோதனையிலும் குறையில்லை. பயம் மட்டும் போகவில்லை.

சூரிச்சில் வேலை பார்க்கும் எங்கள் மகன் 2023 செப்டம்பர் முதல் வாரத்தில் எங்களை வரவழைத்தான். அவனுக்கு விடுமுறை கிடைக்கவில்லை. “நீங்க ரெண்டு பேரும் கிராமம் கிராமமா நடந்து போங்க. எங்கே வேண்டாம்னு தோணுதோ அங்கே ரயிலோ பஸ்ஸோ ஏறிடலாம்” என்று சொல்லி நான்கு நாள் திட்டத்தை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தான். லவுட்டர்புருன்னனில் தொடங்கி வெங்கன், கிரிண்டல்வால்ட், ரோஸன்லவி வழியாக மைரிங்கன் வரை. பெரிய பெட்டியை இன்டர்லாக்கன் ரயில் நிலையத்தில் ஒப்படைத்து மைரிங்கனுக்கு அனுப்பிவிட்டோம். அந்த நாட்டு ரயில்வே அந்தச் சேவையைச் செய்கிறது. எங்கள் முதுகில் ஆளுக்கு ஒரு சிறு பை. மாற்றுத் துணி, மழைச் சட்டை, மருந்து, ஒரு டப்பா புளிக்காய்ச்சல்.

முதல் நாள் நடை குழந்தை கூட நடக்கும் நடைதான். லவுட்டர்புருன்னன் ஏறக்குறைய 800 மீட்டர் உயரத்தில், இரண்டு செங்குத்தான பாறைச் சுவர்களுக்கு நடுவே சமதளமாகக் கிடக்கும் பள்ளத்தாக்கு. ஊர் முடிகிற இடத்திலேயே ஸ்டவ்ப்பாக் அருவி ஏறக்குறைய 300 மீட்டர் உயரத்திலிருந்து விழுகிறது. விழுகிறது என்பதை விடப் பாதி வழியிலேயே புகையாகிவிடுகிறது என்று சொல்லலாம். 1779இல் இதைப் பார்த்த ஜெர்மானியக் கவி கதே ஒரு கவிதையே எழுதினார். அங்கிருந்து முக்கால் மணி நடந்தால் டிரும்மல்பாக். அது மலையின் வயிற்றுக்குள் ஓடும் அருவி. ஐகர், மோன்ஷ், யுங்ஃப்ராவ் (அந்த ஊரார் ‘யு’ என்றுதான் சொல்கிறார்கள்) ஆகிய மூன்று சிகரங்களின் பனியாறுகளிலிருந்து இந்தப் பக்கம் உருகி வரும் நீர் அந்தப் பிளவு வழியாக வெளியேறுகிறது. பெருக்கெடுக்கும்போது விநாடிக்கு 20,000 லிட்டர் வரை. பாறையே அதிர்கிறது. இவர் உள்ளே வரவில்லை. வாசல் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தார். மாலையில் பல்சக்கர ரயிலேறி வெங்கன் போய்ச் சேர்ந்தோம்.

வெங்கனுக்குக் கார் போகும் சாலையே கிடையாது. 1893இல் வந்த அந்த ரயில்தான் இன்றும் வழி. ஊருக்குள் சாமான் ஏற்றிச் செல்லச் சின்னஞ்சிறு மின்சார வண்டிகள் உண்டு. வெயிலில் கறுத்த மரவீடுகள். சிலவற்றின் முகப்பு உத்தரத்தில் கட்டிய ஆண்டையும், கட்டிய கணவன் மனைவி பெயரையும், தச்சர் பெயரையும் செதுக்கி வைத்திருக்கிறார்கள். தச்சர் பெயரை வீட்டு நெற்றியில் எழுதும் வழக்கம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

மறுநாள் காலைதான் உண்மையான ஏற்றம். புறப்படும் முன் இவர் நின்று படித்தது மஞ்சள் பலகையை. அதைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சுவிஸ் நாட்டில் ஏறக்குறைய 65,000 கிலோமீட்டர் நடைபாதைக்கு இப்படிப் பலகை வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு சந்திப்பிலும் ஒரு கம்பம். அந்த இடத்தின் பெயர், உயரம். அங்கிருந்து அடுத்தடுத்த ஊர்களுக்கு எவ்வளவு நேரம் நடக்க வேண்டும் என்ற கணக்கு. கிலோமீட்டர் அல்ல, மணியும் நிமிடமும்! ஓய்வு எடுக்கும் நேரம் அதில் சேராது. வெறும் மஞ்சள் என்றால் எவரும் நடக்கலாம். வெள்ளை-சிவப்பு-வெள்ளைக் கோடு இருந்தால் மலைப்பாதை, கால் உறுதி வேண்டும். வெள்ளை-நீலம்-வெள்ளை என்றால் நம்மைப் போன்றவர்கள் திரும்பிவிட வேண்டும். இதைத் தொடங்கி வைத்தவர் எஸ் என்ற பள்ளிக்கூட ஆசிரியர். மலைச் சாலைகளில் மோட்டார் வண்டிகள் பெருகி நடப்பவர்கள் ஒதுங்க இடமில்லாமல் போவதைக் கண்டு 1934இல் ஒரு சங்கம் அமைத்தார்கள். 1979இல் நடைபாதைகளைக் காப்பது அரசின் கடமை என்று அரசியல் சட்டத்திலேயே சேர்க்கப் பொதுவாக்கெடுப்பு நடந்து, நான்கில் மூன்று பங்குக்கு மேற்பட்டவர்கள் சரி என்று வாக்களித்தார்கள். நடைபாதைக்காக ஒரு நாடே ஓட்டுப் போட்டிருக்கிறது! நம் டோம்பிவிலி ஸ்டேஷன் ரோட்டில் நடைபாதையைத் தேடுகிறவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

கிளைனே ஷைடெக் என்ற கணவாய்க்கு ஏறக்குறைய மூன்று மணி என்றது பலகை. காட்டுக்குள் ஏறினோம். எதிரே வருபவர் ஒவ்வொருவரும் “க்ரூஸெக்” என்று வணக்கம் சொல்கிறார்கள். சூரிச்சில் ‘க்ரூட்ஸி’, பெர்ன் பக்கத்தில் இப்படி. ஒன்றரை மணி நேரம் போயிருக்கும். இவர் சட்டென்று நின்றார். மூச்சு வாங்கியது. நெற்றியில் வியர்வை. கை சட்டைப் பைக்குப் போனதைப் பார்த்தேன். சுற்றிலும் காடு, எங்கள் இருவரைத் தவிர யாரும் இல்லை. எனக்குக் கால்கள் தளர்ந்துவிட்டன.

“என்னங்க பண்ணுது? நெஞ்சு வலிக்குதா?”

“சும்மா இரு. எண்ணிட்டிருக்கேன்.”

மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நாடியை எண்ணிக்கொண்டிருந்தார். பத்தடியில் ஒரு மர பெஞ்சு இருந்தது, உட்கார வைத்தேன். அப்போது கீழேயிருந்து இரண்டு கைத்தடிகளை ஊன்றிக்கொண்டு ஒரு மூதாட்டி ஏறி வந்தார். எண்பது வயதுக்குக் குறையாது. எங்களைப் பார்த்ததும் வணக்கம் சொல்லி, கேட்காமலே பக்கத்தில் உட்கார்ந்தார். பையிலிருந்து உலர்ந்த ஆப்பிள் வில்லைகளை எடுத்துக் கொடுத்தார். அவருக்கு ஜெர்மன், எங்களுக்கு ஆங்கிலம், கையால்தான் பேச்சு. அருகில் மரங்களுக்கு அப்பால் கையைக் காட்டி “அல்மெண்ட், பான், பத்து நிமிடம்” என்பதாக விரல்களை விரித்தார். அது ரயில் நிற்கும் இடம். பிறகு மேலே காட்டி “வெங்கர்னால்ப்” என்றார். அங்கேயும் ரயில் நிற்கும். “லாங்ஸாம், லாங்ஸாம்” என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். மெதுவாக, மெதுவாக.

இவர் கால் மணி நேரம் பேசாமல் இருந்தார். வலி இல்லை, படபடப்பு அடங்கிவிட்டது என்றார். பத்து நிமிடத்தில் ரயில் இருக்கிறது என்று தெரிந்தபின் அவர் ரயிலுக்குத்தான் போவார் என்று நினைத்தேன். அவரோ, “மேலேயும் ஸ்டேஷன் இருக்குன்னாங்களே. அது வரைக்கும் போய்ப் பார்ப்போம்” என்றார். இரண்டு வருஷத்தில் அவர் வாயிலிருந்து ‘போய்ப் பார்ப்போம்’ என்ற சொல்லை நான் கேட்டதில்லை. திரும்ப முடியும் என்று தெரிந்தால்தான் சிலருக்கு முன்னே போகத் துணிவு வரும் போலிருக்கிறது. பாதை போட்டவர்கள் இதை அறிந்தே போட்டிருக்கிறார்களோ என்னவோ, அந்தப் பக்கத்தில் நடைபாதையும் ரயில் பாதையும் அக்கா தங்கை போலத்தான் போகின்றன.

அல்மெண்ட் என்ற பெயருக்கு மகனிடம் பிறகு பொருள் கேட்டேன். ஊருக்குப் பொதுவான மேய்ச்சல் நிலமாம். நம் ‘மந்தைவெளி’யேதான்! மயிலாப்பூருக்குப் பக்கத்து மந்தைவெளியில் இன்று மாடு மேய இடமில்லை. இங்கே இன்னும் மேய்கின்றன. கோடையில் மாடுகளை மேலே ஓட்டிச் சென்று, அங்கேயே பாலைக் காய்ச்சிப் பாலாடைக்கட்டி செய்து, செப்டம்பரில் கீழே இறக்குகிறார்கள். யார் எத்தனை மாடு ஓட்டலாம் என்பதற்குக் கட்டுப்பாடு உண்டு. மலைக்குத் தெற்கே வாலே மாநிலத்தில் டோர்பெல் என்ற கிராமத்தில் 1517லேயே ஒரு விதி எழுதி வைத்தார்கள்: குளிர்காலத்தில் தன் வீட்டுத் தீவனத்தில் எத்தனை மாட்டைக் காப்பாற்ற முடியுமோ அத்தனையைத்தான் ஒருவர் பொதுப் புல்வெளிக்கு அனுப்பலாம். 2009இல் பொருளாதார நோபல் பரிசு பெற்ற எலினார் ஆஸ்ட்ரம் என்ற அம்மையார், பொது நிலத்தை ஊராரே கெடாமல் காக்க முடியும் என்பதற்கு இந்தக் கிராமத்தை ஓர் உதாரணமாகக் காட்டினார். நாங்கள் நடந்த பாதையே மேய்ச்சல் நிலத்தின் நடுவில்தான் போகிறது. கம்பி வேலியில் கைப்பிடி போட்ட திறப்பு இருக்கும். திறந்து நுழைந்து மறுபடி மாட்டிவிட வேண்டும். மாடுகள் மணிகளை ஆட்டிக்கொண்டு நம்மை அலட்சியமாகப் பார்க்கும்.

வெங்கர்னால்ப் வந்தோம். எதிரே யுங்ஃப்ராவ், கை நீட்டினால் தொடலாம் போல. எங்கோ இடி இடித்தது. வானத்தில் மேகமே இல்லை. பனிப்பாளம் உடைந்து விழும் சத்தம் என்று பிறகு புரிந்தது. அங்கும் ரயிலேறவில்லை. காலை எட்டு மணிக்குப் புறப்பட்டவர்கள் பகல் ஒரு மணிக்குக் கணவாயில் நின்றோம். பலகையின் மூன்று மணி எங்களுக்கு ஐந்து மணி. அன்று முதல் எங்கள் கணக்கு அதுதான்: பலகை சொல்வதில் பாதியைக் கூட்டிக்கொள், அதற்கு மேல் உட்கார்வதற்குத் தனி.

கிளைனே ஷைடெக்கில் நம் நாட்டவர் கூட்டம் அலைமோதியது. குஜராத்தி, இந்தி, ஓரிரு தமிழ்க் குரல்கள். எல்லாரும் ஒரு ரயிலிலிருந்து இறங்கி அடுத்த ரயிலுக்கு ஓடினார்கள். பத்து நாளில் ஏழு நாடு பார்ப்பவர்களுக்கு வேறு வழி இல்லைதான். நான் குறை சொல்லவில்லை. நாங்கள் புல்லில் உட்கார்ந்து ரொட்டியில் புளிக்காய்ச்சல் தடவிச் சாப்பிட்டோம். 1863இல் தாமஸ் குக் அழைத்து வந்த முதல் சுவிஸ் சுற்றுலாக் கூட்டம் இந்த வழியாகத்தான் கடந்ததாம். ஜெமிமா மாரல் என்ற ஆங்கிலப் பெண்மணி அதை நாட்குறிப்பாக எழுதி வைத்திருக்கிறார். ரயில் இல்லாத காலம். தரை புரளும் பாவாடைகளோடு! என் சுடிதாரும் கேன்வாஸ் ஷூவும் எவ்வளவோ தேவலை.

இறக்கம்தான் முழங்காலுக்கு எமன். கணவாயிலிருந்து கிரிண்டல்வால்டுக்கு ஆயிரம் மீட்டர் இறக்கம். ஐகரின் பிரசித்தி பெற்ற வடக்குச் சுவர், 1938இல்தான் முதன்முதலாக மனிதர் ஏறியது, வலப்பக்கம் நிழலாக நின்றது. பாதி வழியில் அல்பிக்லன் என்ற ஸ்டேஷன் வந்ததும் இருவரும் ஒரே குரலில் “போதும்” என்றோம். ரயில் எங்களை ஊரில் இறக்கியது.

கிரிண்டல்வால்டில் நடந்ததை விரிவாகச் சொல்ல வேண்டும். இரவுச் சாப்பாட்டுக்கு முட்டையில்லாமல், மாமிசமில்லாமல், முடிந்தால் காரமாக என்று கேட்டிருந்தேன். உருளைக்கிழங்கைத் துருவி வறுத்த ‘ரோஸ்டி’ வந்தது. கூடவே ஒரு சிறு கிண்ணத்தில் தேங்காய்ச் சம்பல்! திகைத்துப் போனேன். சமையலறைக் கதவைத் திறந்துகொண்டு வெள்ளைத் தொப்பியில் ஒருவர் வந்தார்.

“அம்மா, நீங்கள் தமிழோ? மரக்கறிச் சாப்பாடு எண்டு சீட்டைப் பாத்தவுடன நினைச்சனான். எனக்குச் செய்து வைச்சிருந்த சம்பல்தான், சாப்பிடுங்கோ.”

யாழ்ப்பாணத்துக் கோப்பாய்க்காரர். 1989இல் இருபத்தொரு வயதில் வந்தவர். முதலில் பாத்திரம் கழுவினார், இப்போது சமையல். 1983க்குப் பிறகு வந்த இலங்கைத் தமிழர் எத்தனையோ பேர் சுவிஸ் ஓட்டல்களின் சமையலறைகளில்தான் வாழ்க்கையைத் தொடங்கினார்கள். நாங்கள் நடந்து வந்தோம் என்றதும் அவருக்கு ஆச்சரியம்.

“இந்த வயதில ஐயா நடந்தவரோ! நான் வந்து முப்பத்து நாலு வருஷம். ஒரு நாளும் இந்த மலையில நடக்கேல்லை. யன்னலால பாக்கிறதுதான். லீவு நாளில பேர்ணுக்குக் கோயிலுக்குப் போவம், இல்லாட்டி நித்திரை. மகள்தான் பள்ளிக்கூடத்தில கூட்டிக்கொண்டு போய், எல்லா மலைக்கும் பேர் சொல்லுவாள். நீங்கள் இண்டைக்கு வந்த பாதையை அவள் சின்ன வயதிலயே நடந்திட்டாள்.”

பெர்ன் நகரில் 2014இல் திறந்த ‘சமயங்களின் இல்லம்’ என்ற கட்டடத்தில் மற்ற சமயத்தாரோடு சேர்ந்து நம் சிவன் கோயிலும் இருக்கிறது, தமிழிலேயே வழிபாடு. அதைப் பற்றிப் பெருமையாகச் சொன்னார். ஆனால் எனக்கு அன்றிரவு நினைவில் நின்றது ‘யன்னலால’ என்ற சொல்தான். எங்கள் மகள் டோம்பிவிலிப் பள்ளியில் படித்தபோது ராய்கட் ஏறினாள், சிங்ககட் ஏறினாள். சிவாஜியின் கோட்டைகளை வரிசையாகச் சொல்வாள், மராத்தி உச்சரிப்பில். நாங்கள் இருவரும் சஹ்யாத்ரியைப் பார்த்தது வருஷத்துக்கு ஒரு முறை, கர்ஜத் தாண்டி மெயில் ரயில் காட் ஏறும்போது. அதுவும் ஜன்னல் வழியே, ஊருக்குப் போகிற அவசரத்தில், மடியில் புளியோதரைப் பொட்டலத்தோடு. இவரிடம் சொன்னேன். “ஆமாம்ல” என்றார், அவ்வளவுதான்.

மூன்றாம் நாள் பஸ்ஸில் குரோஸே ஷைடெக் வரை ஏறி (1,962 மீட்டர், தனியார் கார்களுக்கு அந்தச் சாலையில் அனுமதி இல்லை) மறுபக்கம் ரோஸன்லவி வரை நடந்து இறங்கினோம். எனக்கு மிகவும் பிடித்தது இந்தப் பகுதிதான். கூட்டமில்லை, ஓடை கூடவே வருகிறது, மரத்தைக் குடைந்த தொட்டிகளில் குளிர்ந்த தண்ணீர். ‘குடிநீர் அல்ல’ என்ற எச்சரிக்கை இல்லாத ஊர்த் தொட்டிகளில் தயங்காமல் பாட்டிலை நிரப்பிக்கொண்டோம். இவர் எனக்கு முன்னால் இருபதடி தள்ளி நடந்தார். வளைவில் அவர் மறைந்தபோது கூப்பிடத் தோன்றியது, அடக்கிக்கொண்டேன்.

மேலே பனியாறுகள் அழுக்கு வேட்டி போல மலை இடுக்கில் சுருங்கிக் கிடந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் கிரிண்டல்வால்டுப் பனியாறு ஊருக்கு அருகே வரை நீண்டிருந்ததைப் பழைய படங்களில் காணலாம். நாங்கள் நாடு திரும்பிய சில வாரங்களில் செய்தி வந்தது: 2022, 2023 ஆகிய இரண்டே ஆண்டுகளில் சுவிஸ் பனியாறுகள் தங்கள் பனியில் பத்தில் ஒரு பங்கை இழந்துவிட்டனவாம். அந்த மூதாட்டி தன் சிறுவயதில் பார்த்த மலை வேறு, எங்களுக்குக் காட்டிய மலை வேறு.

கடைசி நாள் மைரிங்கனுக்கு இறங்கும் வழியில் ரைக்கன்பாக் அருவி. ஷெர்லாக் ஹோம்ஸும் மொரியார்ட்டியும் கட்டிப் புரண்டு விழுந்ததாகக் கோனன் டாயில் 1893இல் எழுதிய இடம். “நம்ம சாம்புவா இருந்தா கால் தடுக்கி அந்த ஆள் மேலேயே விழுந்து பிடிச்சிருப்பார்” என்றார் இவர். தேவன் ரசிகர்! அவர் வேடிக்கை பேசி வெகுகாலமாகியிருந்தது.

போக நினைக்கும் அன்பர்களுக்குச் சில வார்த்தைகள். ஜூன் நடுவிலிருந்து செப்டம்பர் முடிய நல்ல பருவம். அதற்கு முன் கணவாய்களில் பனி கிடக்கும். காலையில் சீக்கிரம் புறப்படுங்கள். கோடையில் பிற்பகலில் இடிமழை வருவதுண்டு. புது ஷூவை வாங்கி அங்கே போய் முதன்முதலாக மாட்டாதீர்கள். கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பதைக் காலையிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். மாலை ஐந்து ஆறு மணிக்கே முடிந்துவிடும் இடங்களும் உண்டு. இதய நோயாளிகள் அவரவர் டாக்டரைக் கேட்காமல் எங்களைப் பார்த்துப் புறப்பட வேண்டாம். காபி விலையை மட்டும் ரூபாயில் பெருக்கிப் பார்க்காதீர்கள், தூக்கம் வராது.

மைரிங்கன் ரயில் நிலையத்தில் பெட்டி பத்திரமாக வந்திருந்தது. சூரிச் போகும் ரயிலுக்கு நேரம் நிறைய இருந்தது. பெட்டியை எடுத்து வரட்டுமா என்று கேட்கத் திரும்பினால் இவர் வெளியே கம்பத்தடியில் நிற்கிறார்.

“ஆரே ஆறு பாறையைக் குடைஞ்சு போற இடம் பக்கத்துலதானாம். அரை மணின்னு போட்டிருக்கான். நமக்கு முக்கால் மணி. பெட்டி அங்கேயே இருக்கட்டும், வா” என்றார்.